ஜப்பானிய பாப், மேற்கத்திய பாப்: உங்கள் மனசுக்கு நெருக்கமான ஆல்பங்கள் எவை?

கேள்வி: ஈரக்காற்று

நான் மேற்கத்திய பாப் கேட்டு வளர்ந்தவன். ஃப்ளீட்வுட் மேக்கின் 'ரூமர்ஸ்', கேட் புஷ்ஷின் 'ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்' இரண்டும் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை மனப்பாடம். கொஞ்ச நாள் முன்னால் யூடியூப் தானாகவே ஒரு பாட்டைப் போட்டது. மரியா தகேயுச்சியின் 'பிளாஸ்டிக் லவ்'. அன்றிலிருந்து கை தானாக ஜப்பானியப் பாட்டுகள் பக்கமே போகிறது.

ஆனால் நான் கேட்பதெல்லாம் உதிரிப் பாட்டுகள். ஒரு ஆல்பத்தைக்கூட உட்கார்ந்து முழுசாகக் கேட்டதில்லை. இரண்டு பக்கமும் ஊறிப்போனவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்று தெரியும். 'சிறந்த நூறு' மாதிரிப் பட்டியல் எனக்கு வேண்டாம். உங்களுக்கு எது பிடிக்கும், ஏன் பிடிக்கும், அதைச் சொல்லுங்கள். ஜப்பானிய ஆல்பத்தையும் மேற்கத்திய ஆல்பத்தையும் கலந்தே சொன்னால் இன்னும் நல்லது.

இன்னொன்றும் மனசில் அரித்துக்கொண்டிருக்கிறது. மொழி சுத்தமாகத் தெரியாமல் கேட்கிறேனே, எதையாவது பெரிதாகத் தவறவிடுகிறேனா?

பதில்: சுருதிப்பெட்டி

நீங்கள் உள்ளே வந்த வாசலிலேயே கொஞ்ச நேரம் நில்லுங்கள். 'பிளாஸ்டிக் லவ்' இருக்கும் ஆல்பத்தின் பெயர் 'வெரைட்டி', 1984 ஏப்ரலில் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு ஒதுங்கியிருந்த தகேயுச்சி இதில்தான் திரும்பி வந்தார். அதுவரை மற்றவர்கள் எழுதிக் கொடுத்ததை நிறையப் பாடியவர், இதில் எல்லாப் பாட்டையும் தானே எழுதி மெட்டமைத்தார். தயாரிப்பும் அரேஞ்ச்மென்டும் (எந்த வாத்தியம் எங்கே வர வேண்டும் என்ற இசை அமைப்பு) கணவர் தாத்சுரோ யமாஷிதா. ஆல்பம் முழுக்க அறுபதுகளின் ரேடியோ வாசனை. பீட்டில்ஸ் காலத்து லிவர்பூல் பாணிக்கு வணக்கம் வைக்கிற ஒரு பாட்டுகூட உண்டு. இவ்வளவு கலகலப்புக்கு நடுவில் 'பிளாஸ்டிக் லவ்' எவ்வளவு தனியாக நிற்கிறது என்பது முழு ஆல்பமாகக் கேட்டால்தான் உறைக்கும்.

இனி என் விஷயம். எனக்கு முதல் இடத்தில் இருப்பது இரண்டு ஆல்பங்கள், ஒன்றை விட்டு ஒன்றை என்னால் எடுக்க முடியாது. பீச் பாய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்' (1966), எயிச்சி ஓதாகியின் 'எ லாங் வெக்கேஷன்' (1981).

1966 ஜனவரியில் பீச் பாய்ஸ் குழு ஜப்பானில் கச்சேரி செய்துகொண்டிருந்தது. பிரையன் வில்சன் மட்டும் போகவில்லை. லாஸ் ஏஞ்சலிஸிலேயே தங்கி, ஸ்டுடியோ வாத்தியக்காரர்களை வைத்து இந்த ஆல்பத்தின் இசையைக் கட்ட ஆரம்பித்தார். வயது 23. 'காட் ஒன்லி நோஸ்' பாட்டை ஹெட்போனில் கேளுங்கள். பிரெஞ்ச் ஹார்ன் தொடங்கி வைக்கும், தம்பி கார்லின் குரல் எந்த அலட்டலும் இல்லாமல் வரும். கடைசியில் ஒரே வரியைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து தேய்ந்து போகும். அந்த இடம் முடியவே கூடாது என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும். இவ்வளவு அடுக்கு இருந்தும் பாட்டு கனமாகவே இல்லை, அதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம்.

ஓதாகிக்கும் வில்சனுக்கும் ஆசான் ஒருவரே, அமெரிக்க இசைத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர். ஒரே அறையில் பல கிதார், பல பியானோ, ஏகப்பட்ட தாளக்கருவிகள் எல்லாவற்றையும் சேர்த்து வாசிக்கவைத்து, தனித்தனியாகப் பிரிக்க முடியாத ஒரே ஓசையாக்குவது அந்த வித்தை. 'எ லாங் வெக்கேஷன்' அட்டையில் ஹிரோஷி நகாய் வரைந்த நீச்சல்குளம், நீல வானம். பார்த்தால் விடுமுறைக் கொண்டாட்டம். முதல் பாட்டு 'கிமி வா தென்னென்ஷோகு' சுருதி சேர்க்கும் சத்தத்தில் தொடங்கி, டிரம்ஸ் குச்சி தட்டி எண்ணிக்கை கொடுத்ததும் மொத்த வாத்தியமும் ஒரே பாய்ச்சலாக வரும். இதைவிட உற்சாகமான தொடக்கம் எனக்குத் தெரிந்து எந்த பாப் ஆல்பத்திலும் இல்லை.

அந்தப் பாட்டின் பின்னணி இது. வரிகள் எழுதியவர் தகாஷி மட்சுமோட்டோ, ஓதாகியின் பழைய கூட்டாளி. ஆல்பம் 1980 ஜூலையில் வர வேண்டியது. அந்தச் சமயத்தில் மட்சுமோட்டோவின் தங்கை இறந்துபோனார். தெருவில் நடந்தால் கண்ணுக்கு எல்லாமே நிறம் போய்த் தெரிந்தது என்று அவர் பிறகு சொன்னார். என்னால் எழுத முடியாது, வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்றார். ஓதாகி வேறு ஆளைத் தேடவில்லை, காத்திருக்கிறேன் என்று சொல்லி வெளியீட்டையே தள்ளிவைத்தார். 1981 மார்ச்சில்தான் ஆல்பம் வந்தது. அந்த முதல் பாட்டின் பல்லவி, கறுப்பு வெள்ளையாகிப்போன நினைவுகளுக்கு நிறம் பூசச் சொல்லிக் கேட்கிறது. வெளியே காதல் பாட்டு, உள்ளே ஒரு அண்ணனின் துக்கம்.

ஜப்பானியர்கள் மேற்கத்திய பாப்பைப் பார்த்து எழுதினார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. ஸ்பெக்டரிடமும் வில்சனிடமும் படித்ததை ஓதாகி எதற்குப் பயன்படுத்தினார் பாருங்கள். நண்பனின் துக்கத்தை அத்தனை வாத்தியங்களும் சேர்ந்து தாங்கிப் பிடிக்கின்றன. படித்ததை அப்படியே திருப்பி ஒப்பிக்கிறவர் செய்கிற காரியமா அது?

இந்த உறவு எங்கே தொடங்கியது என்று பார்க்க வேண்டுமானால் ஹேப்பி எண்ட் குழுவுக்குப் போங்கள். ஓதாகி, மட்சுமோட்டோ (டிரம்ஸும் அவர்தான், பாட்டு வரிகளும் அவர்தான்), ஹருவோமி ஹோசோனோ, ஷிகேரு சுசுகி. 1971-ல் வந்த 'கசேமாச்சி ரோமன்' என் முதல் ஐந்துக்குள் எப்போதும் இருக்கும். 1964 ஒலிம்பிக்ஸுக்காக டோக்கியோவை இடித்துக் கட்டியபோது மட்சுமோட்டோ சிறுவயதில் திரிந்த தெருக்கள் காணாமல் போயின. அந்த நகரத்தை அவர் பாட்டில் திரும்பக் கட்டினார். அதை அமெரிக்க நாட்டுப்புற ராக் கிதார் ஓசைக்கு மேல் வைத்துப் பாடினார்கள். ராக் இசைக்கு ஜப்பானிய மொழி ஒத்துவருமா என்று அங்கே பெரிய வாக்குவாதமே நடந்துகொண்டிருந்த காலம் அது. இந்த ஆல்பத்தைக் கேட்டால் அந்த வாக்குவாதம் எதற்கு என்றே தோன்றும்.

அடுத்த வருடம் மூன்றாவது ஆல்பத்துக்காக நால்வரும் ஹாலிவுட்டில் ஸ்டுடியோ பிடித்தார்கள். அங்கே கூடச் சேர்ந்தவர் வான் டைக் பார்க்ஸ், 'பெட் சவுண்ட்ஸ்' முடிந்த கையோடு பிரையன் வில்சன் எடுத்த 'ஸ்மைல்' ஆல்பத்துக்கு வரிகள் எழுதிய அதே பார்க்ஸ். ஹேப்பி எண்டும் அவரும் சேர்ந்து எழுதிய கடைசிப் பாட்டின் தலைப்பு அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் ஒன்றாகவே சயோனாரா சொல்கிறது. 1973-ல் ஆல்பம் வெளிவந்தபோது குழு கலைந்துவிட்டிருந்தது. இதெல்லாம் தெரிந்த பிறகு இரண்டு நாட்டு ஆல்பங்களையும் தனித்தனி அலமாரியில் வைக்க எனக்கு மனசு வருவதில்லை.

யமாஷிதாவின் 'ஃபார் யூ' (1982) பற்றிச் சுருக்கமாக. முதல் பாட்டு 'ஸ்பார்க்கிள்'. கிதார் மட்டும் தனியாக வந்து, நரம்பை வெட்டி வெட்டி அடித்துத் தாளத்தைப் போட்டுக் காட்டும். அதற்குப் பின்னால் ஜுன் ஆவோயாமாவின் டிரம்ஸ், கோகி இதோவின் பேஸ், ஊதுகருவிகள் எல்லாம் இறங்கும். முழுக் குழுவும் வாசிக்கும்போதும் அந்தக் கிதாரை மட்டும் காதால் பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள், ஒரு இடத்தில்கூடத் தளராது.

ஸ்டீலி டானின் 'ஏஜா'வும் தாயேகோ ஒனுகியின் 'சன்ஷவர்'உம் 1977-ல் சில மாத இடைவெளியில் வந்தவை. 'ஏஜா' அட்டையில் இருட்டுக்குள் பாதி முகமாகத் தெரிகிறவர் ஜப்பானிய மாடல் சயோகோ யமாகுச்சி, படம் எடுத்தவர் ஹிதேகி ஃபுஜி. தலைப்புப் பாட்டில் வெய்ன் ஷார்ட்டரின் சாக்ஸபோனுக்குக் கீழே ஸ்டீவ் காட் டிரம்ஸில் வெடிக்கிற இடம் உங்களுக்கே தெரிந்திருக்கும். 'சன்ஷவர்' அரேஞ்ச்மென்ட் ரியூயிச்சி சகாமோட்டோ. டிரம்ஸ் வாசிக்க நியூயார்க்கின் 'ஸ்டஃப்' குழுவிலிருந்து கிறிஸ் பார்க்கரை வரவழைத்தார்கள். அவர் வாசிப்பில் அவ்வளவு சதை இருக்கிறது. அதன் மேல் ஒனுகியின் குரல் எந்த ஆட்டத்துக்கும் மசியாமல் நேராக நிற்கும். வாசிப்புச் சாமர்த்தியத்தில் 'ஏஜா' ஒரு படி மேல் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். மனசு கனக்கும்போது கை போவது 'சன்ஷவர்' பக்கம்.

மொழி பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதலில் மொழி இல்லாமலே கேளுங்கள், தப்பே இல்லை. பிடித்துப்போன ஆல்பத்துக்கு மட்டும் வரிகளின் பொருளைத் தேடிப் படியுங்கள். மட்சுமோட்டோவின் தங்கை கதை தெரியாத காலத்திலும் அந்தப் பாட்டு எனக்கு உயிர்தான்.

பதில்: கடைசிவண்டி

சுருதிப்பெட்டி அண்ணா எழுதியதை இரண்டு தடவை படித்தேன், மறுக்க ஒன்றும் இல்லை. ஆனால் அண்ணா 1984-லேயே கதவைச் சாத்திவிட்டார். எனக்குப் பிடித்ததெல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

ஈரக்காற்று, உங்களுக்கு 'ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்' மனப்பாடம் என்றீர்களே. அதன் இரண்டாவது பக்கத்தில் ஒருத்தி ராத்திரியில் தண்ணீரில் தனியாக மிதந்துகொண்டிருப்பாள், விடியும்வரை தூங்காமல் தாக்குப்பிடிக்க வேண்டும். அந்தப் பக்கம் பிடித்தவர்களிடம் நான் நீட்டுகிற ஜப்பானிய ஆல்பம் ஃபிஷ்மேன்ஸின் 'லாங் சீசன்' (1996). ஆல்பம் முழுக்க ஒரே பாட்டு, 35 நிமிடம். ஒரு சின்ன கீபோர்டு சுற்று வந்துகொண்டே இருக்கும், யுசுரு காஷிவாபாராவின் பேஸ் அடியில் நகர்ந்துகொண்டே இருக்கும், நடுவில் வெறும் தாளமும் தண்ணீர்ச் சத்தமுமாக நீண்ட இடம் ஒன்று வரும். அதைத் தாண்டி ஷின்ஜி சாட்டோவின் குரல் திரும்ப வரும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். எப்போதும் அதே இடம்தான்.

அதைக் கேட்ட பிறகு '98.12.28' நேரலை ஆல்பத்துக்குப் போங்கள். பெயரே தேதிதான். பேஸ் வாசித்த காஷிவாபாரா குழுவை விட்டுப் பிரிகிறார் என்பதால் நடந்த கச்சேரி, முடிவில் 'லாங் சீசன்' நாற்பது நிமிடத்துக்கு மேல் நீளும். 1999 மார்ச்சில் சாட்டோ இறந்துபோனார், வயது 33. அந்த மேடையில் யாருக்கும் அது தெரியாது. தெரிந்துகொண்டு கேட்கிற நமக்குத்தான் பாரம்.

1999 மார்ச் என்றதும் இன்னொன்று. அதே மாதம்தான் உதாதா ஹிகாருவின் 'ஃபர்ஸ்ட் லவ்' வந்தது. ஜப்பானில் மட்டுமே 70 லட்சத்துக்கு மேல் விற்றது, அங்கே இன்றுவரை அதிகம் விற்ற ஆல்பம் அதுதான். நியூயார்க்கில் பிறந்தவர், ஆல்பம் வந்தபோது வயது 16. அம்மா கெய்கோ ஃபுஜி, என்கா என்ற சோகம் ததும்பும் ஜப்பானியப் பாட்டு வகையில் புகழ்பெற்ற பாடகி. 'ஆட்டோமேட்டிக்' பாட்டில் அமெரிக்க ஆர் அண்ட் பி தாளம் ஓடிக்கொண்டிருக்கும், குரலில் மட்டும் வேறெங்கிருந்தோ வந்த ஒரு நடுக்கம் இருக்கும். அது அம்மாவிடமிருந்து வந்தது என்றுதான் நான் நம்புகிறேன். லாரின் ஹில்லின் 'மிஸ்எஜுகேஷன்' அதற்கு முந்தைய ஆண்டு வந்தது. இரண்டையும் ஒரே மாலையில் கேட்பது என் வழக்கம்.

ஷீனா ரிங்கோவின் 'ஷோசோ ஸ்ட்ரிப்' (2000) பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், அதனால் ஒன்று மட்டும். ஆல்பத்தின் மொத்த நேரம் 55 நிமிடம் 55 நொடி. பாட்டுத் தலைப்புகள்கூட நடுவை மையமாக வைத்து இரண்டு பக்கமும் சமச்சீராக அமைந்திருக்கும். இவ்வளவு கணக்குப் போட்டுக் கட்டிய ஆல்பத்துக்குள் அவர் கத்துகிற கத்தல் இருக்கிறதே, கிதார் கிழிகிற கிழிசல் இருக்கிறதே, அதில் கணக்கே இருக்காது. சில மாதம் முன்னால் வந்த ஃபியோனா ஆப்பிளின் இரண்டாவது ஆல்பம்தான் எனக்கு இதன் மேற்கத்திய ஜோடி. இரண்டு பேருமே தங்கள் கோபத்துக்கு மன்னிப்புக் கேட்கவில்லை.

பதில்: மின்மினி

மின்னிசைப் பக்கம் யாரும் போகவில்லை, நான் போகிறேன். ஜெர்மன் குழுவான கிராஃப்ட்வெர்க்கின் 'த மேன் மெஷின்' (1978), எல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ராவின் 'சாலிட் ஸ்டேட் சர்வைவர்' (1979), பெர்ஃப்யூமின் 'கேம்' (2008). இதே வரிசையில் கேளுங்கள்.

கிராஃப்ட்வெர்க் இயந்திரமாகவே மாற ஆசைப்படுவார்கள். எல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ராவின் ஹோசோனோ, சகாமோட்டோ, யுகிஹிரோ தகாஹாஷி மூன்று பேரும் அதே இயந்திரங்களை வைத்துக்கொண்டு ஆடவைப்பார்கள், காரணம் தகாஹாஷியின் டிரம்ஸ். பீட்டில்ஸின் 'டே டிரிப்பர்' பாட்டை அவர்கள் உடைத்துப் போட்டிருப்பதைக் கேட்டால் புரியும். அதே ஆல்பத்தில் இருக்கும் 'பிஹைண்ட் த மாஸ்க்' பாட்டை எரிக் கிளாப்டனும் மைக்கேல் ஜாக்சனும் எடுத்துப் பாடினார்கள். ஜப்பானிலிருந்து மேற்கே போனதும் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன். கிராஃப்ட்வெர்க்கும் 1981-ல் 'பாக்கெட் கால்குலேட்டர்' பாட்டை ஜப்பானிய மொழியிலேயே பாடி 'தெந்தாக்கு' என்று வெளியிட்டார்கள்.

'கேம்' ஆல்பத்தில் தயாரிப்பாளர் யசுதாகா நகாதா, பெர்ஃப்யூமின் மூன்று பெண்களின் குரலையும் கருவி மாதிரியே கையாண்டிருப்பார். 'பாலிரிதம்' பாட்டு நடுவில் குரல்களை நறுக்கி ஒன்றுக்கு மேல் ஒன்றாக வேறு வேறு தாளத்தில் ஓடவிடுகிற இடம் வரும். பொதுமக்கள் கேட்கிற பாப் பாட்டில் அந்தத் துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மறுமொழி: ஈரக்காற்று

எல்லோருக்கும் நன்றி. மூன்று ஆல்பம் கேட்டு முடித்துவிட்டேன்.

'லாங் சீசன்' கேட்டபோது அறை விளக்கை அணைத்துவிட்டேன். கடைசிவண்டி சொன்ன அந்த இடத்தில் எனக்கும் அதேதான். 'வெரைட்டி' முழுசாகக் கேட்டதும் 'பிளாஸ்டிக் லவ்' எனக்கு வேறு பாட்டாகிவிட்டது.

'எ லாங் வெக்கேஷன்' பற்றி ஒரு கேள்வி. சுருதிப்பெட்டி எழுதியதைப் படித்துவிட்டுக் கேட்டதால், அந்தக் கலகலப்பான முதல் பாட்டுக்கே கண் கலங்கியது. கதை தெரியாமல் கேட்டிருந்தால் குதித்துக்கொண்டு கேட்டிருப்பேன். பாட்டில் உண்மையிலேயே துக்கம் இருக்கிறதா, நான் கொண்டுபோய் வைக்கிறேனா? அப்புறம், 'பெட் சவுண்ட்ஸ்' மோனோவா, ஸ்டீரியோவா, எதை முதலில் கேட்பது? என்னிடம் இரண்டும் இருக்கிறது.

பதில்: சுருதிப்பெட்டி

துக்கம் வரிகளில் இருக்கிறது, நீங்கள் கொண்டுபோய் வைக்கவில்லை. ஆனால் மெட்டு ஓதாகியுடையது, அது துள்ளுகிறது. அவர் அந்த வரிகளைக் கையில் வாங்கிய பிறகும் பாட்டின் வேகத்தைக் குறைக்கவில்லை, வாத்தியத்தைக் குறைக்கவில்லை. வரிகள் நிறம் கேட்கின்றன, இசை அள்ளிக் கொடுக்கிறது. அதனால் குதிப்பதும் கண் கலங்குவதும் இரண்டுமே அந்தப் பாட்டுக்குள் இருக்கிறவைதான். ஆல்பத்தின் கடைசிப் பாட்டு சைபீரிய ரயில் பற்றியது, குளிரும் பனியும். நீச்சல்குள அட்டைக்குள்ளே அதை ஏன் வைத்தார் என்று இந்தத் தடவை கேட்கும்போது உங்களுக்கே பிடிபடும்.

'பெட் சவுண்ட்ஸ்' மோனோவில், அதாவது எல்லா ஓசையும் ஒரே தடமாக வருவதில், தொடங்குங்கள். வில்சனுக்கு வலது காது ஏறக்குறைய கேட்காமலே இருந்தது. ஒரு காதில் கேட்டு, எல்லாவற்றையும் ஒரே ஓசையாகக் கோத்துத்தான் அவர் 1966-ல் ஆல்பத்தை முடித்தார். ஆல்பம் முழுவதற்கும் ஸ்டீரியோ மிக்ஸ் முதன்முதலாக வந்தது 1997-ல். மோனோ பழகிய பிறகு ஸ்டீரியோவுக்குப் போனால் எந்தக் குரல் எங்கே ஒளிந்திருந்தது என்று தெரியும். அதே வருடம் வந்த 'பெட் சவுண்ட்ஸ் செஷன்ஸ்' தொகுப்பில் வாத்தியமே இல்லாமல் குரல்களை மட்டும் தனியாகக் கொடுத்திருக்கிறார்கள், அதையும் விடாதீர்கள்.

அந்தக் குரல்கள் பிடித்துப்போனால் அடுத்தது யமாஷிதாவின் 'ஆன் த ஸ்ட்ரீட் கார்னர்' (1980). பழைய அமெரிக்க டூ-வாப் பாட்டுகளை (பல குரல்கள் சேர்ந்து இசைந்து பாடும் வகை) அவர் ஒருவரே ஒவ்வொரு குரலாகப் பாடிப் பாடி அடுக்கியது. பிறகு அவருடைய 'பிக் வேவ்' (1984), அதில் பீச் பாய்ஸ் பாட்டுகளையே பாடியிருக்கிறார். கேட்டுவிட்டு வாருங்கள். கடைசிவண்டி, நீங்கள் சொன்ன ஃபிஷ்மேன்ஸ் நேரலையை இன்று ராத்திரி நான் போடப் போகிறேன். ரிங்கோ பற்றி நிறுத்தாமல் எழுதுங்கள், இடம் இருக்கிறது.